இன்மையும் அன்மையும் சுழியமும்



இலக்கணம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவன் கணினி நிரலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு பிழைதான் என்னை அங்கே கொண்டு சேர்த்தது.

பணி ஓய்வுக்குப் பின், தொடக்கப்பள்ளிக்கான சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தேன். நூல்களில் பத்து முறைக்கும் குறைவாக வரும் சொற்களைக் கணினி நீக்கிவிட வேண்டும். அதற்கென நண்பர் ஒருவர் சி மொழியில் நிரல் எழுதித் தந்தார். பயன்படுத்துவோர் தம் தேர்வுகளை எழுதிவைப்பதற்குச் சிறு கோப்பு ஒன்றும் அதனுடன் இருந்தது. அதனை அமைவுக் கோப்பு எனலாம். அதில் 'குறைந்த அளவு = ௧௦' என்று தமிழ் எண்களில் எழுதினேன். நிரல் எவ்வித எச்சரிக்கையுமின்றி ஓடி முடிந்தது. பட்டியல் ஆசிரியர்களின் கைக்குச் சென்ற பிறகே, அச்சுப்பிழைகளும் பாதியில் அறுந்த சொற்களும் அதில் மலிந்திருப்பது தெரிந்தது. ஒரு சொல்லேனும் நீக்கப்படவில்லை.

நடந்தது இதுதான். எழுத்துகளை எண்ணாக மாற்ற, 'ஏ டு ஐ' என்னும் செயற்கூறு பயன்பட்டிருந்தது. 0 முதல் 9 வரையிலான எண்ணுருக்களையே அது அறியும். தமிழ் எண்ணைக் கண்டதும் 0 என்று விடை தந்தது. கோப்பில் உண்மையாகவே 0 என்று எழுதியிருந்தாலும் அதே விடையைத்தான் தந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய நிரலுக்கு வழியில்லை. என் பத்து சுழியமாயிற்று.

நம் மதிப்பெண் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். தேர்வுக்கு வராத மாணவனுக்கு நாம் 0 இடுவதில்லை. 'வரவில்லை' என்றே குறிக்கிறோம். 0 பெற்றவனுக்குப் பயிற்சி தேவை. வராதவனுக்கு மறுதேர்வு தேவை. கையெழுத்து விளங்காதவனை அழைத்துக் கேட்க வேண்டும். மூவருக்கும் 0 இட்டால் மூவருக்கும் அநீதி செய்தவர்களாவோம்.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. 'மேசைமேல் நூல் இல்லை' என்பது இன்மை. 'மேசைமேல் இருப்பது நூல் அன்று' என்பது அன்மை. முன்னதில் பொருளே இல்லை. பின்னதில் பொருள் உண்டு, ஆயினும் நாம் தேடிய பொருள் அன்று. பேச்சு வழக்கில் 'இல்லை' என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் வந்துவிடுகிறது. எழுதும்போது பிரித்து எழுதுமாறு மாணவர்களைத் திருத்துகிறோம். நிரலையும் அவ்வாறே திருத்த வேண்டும்.

அமைவுக் கோப்பைப் படிக்கும் செயற்கூறு நான்கு நிலைகளைத் தனித்தனியே தெரிவிக்க வேண்டும்: மதிப்புக் கிடைத்தது, அவ்வரியே இல்லை, வரி உண்டு, ஆனால் எழுதியிருப்பது எண் அன்று, எண்தான், ஆனால் எல்லை மீறியது. இவற்றைப் பெயரிட்ட மாறிலிகளாக அமைத்து, செயற்கூறு அவற்றுள் ஒன்றை மட்டுமே திருப்பி அனுப்பட்டும். படித்த எண்ணை, அழைத்தவர் சுட்டு வழியாகக் காட்டிய இடத்தில் வைக்கட்டும். நிலையும் மதிப்பும் ஒரே பாதையில் வந்தால் குழப்பம் தவிர்க்க இயலாதது. பிழைக்கு அடையாளமாக -1 ஐ அனுப்புவோரும் உளர். -1 என்பதே முறையான மதிப்பாக இருக்கக்கூடிய இடத்தில் அதுவும் பழைய குழப்பமே. வெற்றி கிட்டாதபோது அழைத்தவர் காட்டிய இடத்தைத் தொடாமல் விடுவது நன்று. அங்கே முன்பே வைத்த இயல்பு மதிப்பு அப்படியே நிற்கும்.

சி மொழியிலேயே இதற்குரிய கருவி உண்டு. 'ஸ்டிர் டு எல்' என்னும் செயற்கூறு, எண்ணைப் படித்து நிறுத்திய இடத்தையும் சுட்டிக் காட்டும். தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தால் எண் எதுவும் இல்லை என அறியலாம். இடையில் நின்றிருந்தால், '10அ' என்பதைப் போல எண்ணுக்குப் பின் வேறெழுத்து ஒட்டியிருக்கிறது. எல்லை மீறினால் 'எர்நோ' என்னும் மாறியில் குறிப்பு வைக்கும். ஆதலின் அழைக்குமுன் அம்மாறியில் 0 இட்டுவைக்க வேண்டும்.

நிலைகள் பிரிந்தால் செயல்களும் பிரியும். வரி இல்லையெனில் இயல்பு மதிப்பை ஏற்றுத் தொடரலாம். பயனர் ஒன்றும் கேட்கவில்லை. எழுதியது எண் அன்று எனில் தொடரலாகாது. பயனர் எதையோ கேட்டிருக்கிறார், நமக்கு அது விளங்கவில்லை. எந்த வரி என்று காட்டி நிற்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. 'ஏழாம் வரியில் உள்ளது எண் அன்று' என ஒரு தொடர் வந்திருந்தால் என் பட்டியல் பிழைத்திருக்கும்.

மாணவர்களே, விளங்காததை விளங்கியதாகக் காட்டும் விடை, விடை தராமையினும் தீது. நிரல் எழுதும்போதும் தேர்வு எழுதும்போதும் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.