ஜொகூரில் சமூக வகுப்புகளும் ஆட்சியும்

1511-ல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். மலாக்காவின் கடைசி சுல்தான் மாமூட் ஷாவின் மகன் அலாவுடின் ரியாயத் ஷா, 1528-ஐ ஒட்டி ஜொகூரில் புதிய அரசை நிறுவினார். தலைநகரம் மாறினாலும் மலாக்காவின் ஆட்சிமுறையும் சமூகப் படிநிலையும் பெரும்பாலும் தொடர்ந்தன. உச்சியில் சுல்தான் இருந்தார். அவருக்கு அடுத்து முதலமைச்சரான பெண்டஹாரா, நகரக் காவலுக்கும் நீதிக்கும் பொறுப்பான தெமெங்கோங், கடற்படைத் தலைவரான லக்சமணா, கருவூலத்தைக் கவனித்த பெங்ஹுலு பெண்டஹாரி ஆகியோர் இருந்தனர். அவர்களுக்குக் கீழே ஒராங் காயா எனப்பட்ட பிரபுக்கள், அதற்கும் கீழே ரக்யாட் எனப்பட்ட குடிமக்கள். கடனுக்காகப் பிணைப்பட்டவர்களும் அடிமைகளும் அடித்தட்டில் கிடந்தனர்.

இந்தப் படிநிலைக்குப் பொருளியல் அடிப்படை ஒன்று உண்டு. தீபகற்பத்தின் தென்முனையில் நிலத்துக்குக் குறைவில்லை, ஆட்களுக்குத்தான் பற்றாக்குறை. ஆகவே ஒரு தலைவனின் வலிமை அவன் பின்னால் நின்ற ஆட்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. ஆற்றின் முகத்துவாரத்தைப் பிடித்தவர் உள்நாட்டிலிருந்து வந்த சரக்குக்கு வரி வாங்கினார். முகத்துவாரத்தைப் பிடிக்கப் படகும் ஆளும் வேண்டும். அந்தப் படகுகளைச் செலுத்தியவர்கள் ஒராங் லாவுட் என்னும் கடல் மக்கள். படிநிலையில் தாழ்ந்த இடத்தில் இருந்த அவர்களே சுல்தானின் கடற்படையாகவும் இருந்தனர்.

இதன் முக்கியத்துவம் 1699-ல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு கோத்தா திங்கியில் சுல்தான் இரண்டாம் மாமூட் ஷா கொலையுண்டார். மலாக்கா வழி முறிந்தது. பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். பழைய அரச மரபுக்கே விசுவாசம் காட்டிய கடல் மக்களில் பலர் புதிய சுல்தானை மனமார ஏற்கவில்லை. கொலையுண்ட சுல்தானின் மகன் என்று உரிமை கோரிய ராஜா கெச்சில் 1718-ல் படையெடுத்தபோது அவர்கள் அவர் பக்கம் சாய்ந்தனர். அடுத்து பூகிஸ் படைத்தலைவர்கள் உள்ளே வந்து, 1722-ல் அப்துல் ஜலீலின் மகன் சுலைமானை அரியணையில் அமர்த்தி, யாங் டிபெர்துவான் மூடா என்னும் துணை ஆட்சியாளர் பதவியைத் தங்களுக்கு நிலைப்படுத்திக்கொண்டனர். கீழ்த்தட்டின் ஆதரவு விலகியபோது மேல்தட்டின் அமைப்பே மாறிப்போனது.

தெமெங்கோங் குடும்பத்தின் எழுச்சி

1819-ல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால்வைத்ததும், 1824-ல் ஆங்கில–டச்சு ஒப்பந்தம் ஜொகூர்–ரியாவ் அரசை இரண்டாகப் பிளந்ததும் பழைய அமைப்பைக் குலைத்தன. சுல்தான் பட்டம் பெயரளவுக்குச் சுருங்கியது. அதிகாரம், சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் இருந்த தெமெங்கோங் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1840-களில், பின்னர் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடப் பயன்பட்ட கெத்தா பெர்ச்சா பிசினுக்குத் திடீர்க் கிராக்கி எழுந்தது. தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் ஜொகூர்க் காடுகளின் பிசின் வணிகத்தைத் தம் பிடியில் வைத்துச் செல்வம் சேர்த்தார். காட்டுக்குள் சென்று மரம் சாய்த்துப் பிசின் எடுத்தவர்களில் ஜக்கூன் பழங்குடியினர் முக்கியமானவர்கள். ஜொகூர் அரசின் புதிய செல்வத்துக்கு முதல் உழைப்பைத் தந்தவர்களில் இந்தக் காட்டு மக்களும் அடங்குவர்.

1855 மார்ச் 10-ல் சுல்தான் அலி, கெசாங்–மூவார் பகுதி நீங்கலாக ஜொகூரின் ஆட்சியுரிமையைத் தெமெங்கோங்குக்கு விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டில் தஞ்சோங் புத்ரி குடியேற்றம் நிறுவப்பட்டது. 1866-ல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டவர் இப்ராகிமின் மகன் அபு பக்கார். அவர் 1868-ல் மகாராஜா பட்டம் ஏற்றார். 1885-ல் ஆங்கிலேயர் அவரைச் சுல்தானாக ஏற்றுக்கொண்டனர். ஓர் அதிகாரக் குடும்பம் முப்பது ஆண்டுகளில் அரச குடும்பமானது.

கங்சூவும் கூலியாளும்

இந்த ஏற்றத்துக்குப் பணம் தந்தது கம்பீரும் மிளகும். தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் உதவிய கம்பீர் இலையைக் காய்ச்சப் பெருமளவு விறகு வேண்டும். சிங்கப்பூரில் மண்ணும் விறகும் தீர்ந்ததால் சீனப் பயிரிடுவோர், குறிப்பாகத் தியோச்சியூ மக்கள், 1844 முதல் ஜொகூர் ஆறுகளுக்குப் பெயர்ந்தனர். ஒவ்வோர் ஆற்றுப் பகுதிக்கும் ஆட்சியாளர் முத்திரையிட்ட சூராட் சுங்கை என்னும் ஆற்றுப் பட்டயம் வழங்கினார். பட்டயம் பெற்ற தலைவர் கங்சூ எனப்பட்டார். அவரது குடியிருப்பு கங்கார். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் ஆகிய ஊர்ப்பெயர்கள் அந்த ஏற்பாட்டை இன்றும் நினைவூட்டுகின்றன.

கங்சூ வெறும் குத்தகைதாரர் அல்லர். ஒழுங்கைக் காப்பது அவர் பொறுப்பு. அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் உரிமையும் அவர் வட்டத்துக்குள் இயங்கியது. 1873-ல் கங்சூ சட்டம் இந்த உரிமைகளையும் கடமைகளையும் எழுத்தில் வகுத்தது. நாளடைவில் பட்டயங்களின் பங்குகள் சிங்கப்பூர் முதலாளிகளிடம் சேர்ந்தன. சீன வணிகர் டான் ஹியோக் நீ 1870-களில் மேஜர் சைனா என்ற பதவியுடன் அரசின் சபையருகே அமர்ந்தார். அவர் பெயரில் இன்றும் ஜொகூர் பாருவில் தெரு உண்டு.

கங்சூவுக்குக் கீழே இருந்தவர் கூலியாள். சீனாவிலிருந்து கடனோடு வந்த அவர், அரிசியும் அபினும் கங்கார் கடையிலேயே வாங்கி அந்தக் கடனைப் பெருக்கிக்கொண்டார். அரசின் தலையாய வருவாய் அபின் குத்தகை. அரண்மனையும் சாலைகளும் காவல்படையும் எழுந்த பணத்தில் பெரும்பங்கு இந்த உழைப்பாளியின் சட்டைப்பையிலிருந்து சென்றது. ஆயினும் அவருக்கும் அரசுக்கும் இடையே நேரான பேச்சு ஒன்றும் இல்லை. கங்சூ வழியாகவே அவர் ஆளப்பட்டார். இம்முறை 1917-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பேனா பிடித்த புதிய வகுப்பு

இதே காலத்தில் மலாய்ச் சமூகத்திலும் புதிய வகுப்பு உருவானது. தெலோக் பிளாங்காவில் பாதிரியார் கீஸ்பெரி நடத்திய பள்ளியில் அபு பக்காருடன் படித்த தலைமுறை நிர்வாகப் பொறுப்புகளில் அமர்ந்தது. ஜாபர் ஹாஜி முகமது முதல் மந்திரி பெசார் ஆனார். அப்துல் ரகுமான் அண்டாக் இலண்டன் விவகாரங்களைக் கவனித்தார். முகமது சாலே பேராங் சீனமொழி கற்று, காவல்துறையிலும் நில அளவையிலும் பணிபுரிந்து, பத்து பகாட்டின் வளர்ச்சிக்கு வழிவகுத்தார். பிறப்பு தந்த இடத்தோடு படிப்பு தந்த இடமும் ஆட்சியில் சேர்ந்தது.

இந்த வகுப்பின் பெருஞ்சாதனை 1895 ஏப்ரல் 14-ல் நிறைவேறிய ஜொகூர் அரசமைப்புச் சட்டம். மலாய் அரசுகளில் எழுத்தில் அமைந்த முதல் அரசமைப்பு அதுவே. நாட்டை அந்நிய வல்லரசுக்கு விட்டுக்கொடுக்க ஆட்சியாளருக்கே உரிமை இல்லை என்று அது விதித்தது. அமைச்சர் அவை மலாய் முஸ்லிம்களுக்கு உரியதாயிற்று. அரசு மன்றத்தில் இனமும் சமயமும் பாராமல் ஜொகூர்ப் பிரஜைகள் இடம்பெறலாம் என்றும் வகுத்தது. அபு பக்கார் அதே ஆண்டு ஜூன் 4-ல் இலண்டனில் காலமானார். அந்தச் சட்டம் அவர் மகன் சுல்தான் இப்ராகிம் ஆட்சியில் ஆங்கிலேயத் தலையீட்டைச் சில காலம் தள்ளிப்போட உதவியது. 1910-ல் ஆங்கிலேய ஆலோசகர் வந்தார். 1914 மே மாத ஒப்பந்தத்துக்குப் பின் அவர் சொல்லே பெரும்பாலும் செல்லுபடியானது.

தோட்டத்துத் தமிழர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பீர் வீழ்ந்து இரப்பர் எழுந்தது. 1909-ல் ஜொகூர் இரயில்பாதை திறக்கப்பட்டது. செகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம் வட்டாரங்களில் காடு அழிந்து பால்மரம் நின்றது. பால் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். தமிழரும் ஒரே வகுப்பாக இருக்கவில்லை. மூவாரில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தனர். அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர் பணிபுரிந்தனர். பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர்.

தோட்டத்தின் உள்ளே தனிப் படிநிலை இருந்தது: மேலாளரான துரை, எழுத்தரான கிராணி, மேற்பார்வையாளரான கங்காணி, தொழிலாளி. பெரட்டு எனப்பட்ட விடிகாலை வருகைக் கணக்கெடுப்பு முதல் லயத்து வீடு, கடை, கள்ளுக்கடை, பள்ளி வரை அனைத்தும் நிர்வாகத்தின் ஆளுகைக்குள் இருந்தன. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று கங்காணி தலைக்காசு பெற்றார். சீனக் கூலியாளுக்கும் அரசுக்கும் நடுவே கங்சூ நின்ற இடத்தில், தமிழ்த் தொழிலாளிக்கும் அரசுக்கும் நடுவே கங்காணி நின்றார். வேறுபாடு ஒன்று பெரிது. கங்சூ ஆட்சியாளரின் முத்திரை பெற்றவர், வருவாய் ஈட்டித் தந்தவர், சபையை எட்டக்கூடியவர். கங்காணிக்கு அத்தகைய பட்டயம் எதுவும் இல்லை. அவர் தோட்டத்தின் ஆள் மட்டுமே. ஆகவே தமிழ்த் தொழிலாளியின் குரல் தோட்டத்து வாசலைத் தாண்டவில்லை. தொழிலாளர் சட்டத் தொகுப்பும் கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசின் பிரதிநிதியும் ஓரளவு பாதுகாப்பு தந்தனர். 1938-ல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. இவை மேலிருந்து வந்த பாதுகாப்புகள், கீழிருந்து வென்ற உரிமைகள் அல்ல.

ரோமுடன் ஓர் ஒப்பீடு

பழைய ரோமானியக் குடியரசு இங்கு ஒப்பிடத் தக்கது. அங்கும் செல்வமே ஆட்சியில் இடம் வகுத்தது. குடிமக்கள் சொத்து அளவால் ஐந்து வகுப்புகளாகவும் 193 நூற்றுவர் அணிகளாகவும் பிரிக்கப்பட்டனர். செல்வர் அணிகள் முதலில் வாக்களித்தன, ஏழைகளின் முறை வருமுன்னே முடிவு தெரிந்துவிடும். ஆனால் பிளேபியர் என்ற பொதுமக்கள் படையில் போரிட்ட குடிமக்கள். கி.மு. 494-ல் அவர்கள் நகரை விட்டு வெளியேறிக் குன்றில் கூடித் தங்களைக் காக்கும் திரிபூன் என்னும் அதிகாரிகளைப் பெற்றதாக ரோம மரபு கூறுகிறது. கி.மு. 287-ல் பொதுமக்கள் அவையின் தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமானது. பிளேபியரிடம் இருந்த குடியுரிமை என்னும் நெம்புகோல் சீனக் கூலியாளிடமும் தோட்டத் தொழிலாளியிடமும் இல்லை. ஜொகூரின் எழுதிய சட்டம் நாட்டை அந்நியரிடமிருந்து காக்க வரையப்பட்டது. அடித்தட்டுக்கு வாக்குரிமை தருவது அதன் நோக்கம் அன்று.

அந்த நெம்புகோல் தாமதமாகவே வந்தது. 1946 மே மாதம் ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசாரில் அம்னோ என்னும் மலாய்க் கட்சி பிறந்தபோது, ஜாபரின் மகன் ஓன் ஜாபர் அதன் தலைவரானார். அன்று உயர்குடியும் கிராமத்து ரக்யாட்டும் ஓரணியில் நின்றனர். தோட்டங்களில் தொழிற்சங்கம் வளர்ந்து, 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தமிழ்த் தொழிலாளிக்குத் திரிபூன் என்று சொல்லத்தக்க அமைப்பு அதுவே. ஆயினும் 1955 பொதுத்தேர்தலின் சுமார் 12.8 லட்சம் வாக்காளர்களில் இந்தியர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. 1957-ன் அரசமைப்பு குடியுரிமையின் கதவை அகலத் திறந்தது.

இவ்வரலாற்றின் தீர்ப்பு தெளிவானது. ஜொகூரில் வருவாயைக் கையில் வைத்திருந்த வகுப்புக்கு ஆவணமும் இருக்கையும் கிடைத்தன, உழைப்பை மட்டும் தந்த வகுப்பு இடையாட்களின் வழியே ஆளப்பட்டது. ஆகவே பட்டயங்களையும் சட்டங்களையும் மட்டும் படிக்கும் ஆய்வு பாதி வரலாற்றையே தரும். மறுபாதி தோட்டத்துப் பெரட்டுப் பதிவேடுகளிலும், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை ஏடுகளிலும், கோயில் கணக்குப் புத்தகங்களிலும், முதியவர்களின் நினைவிலும் இருக்கிறது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவரும் வேகத்தில் அந்த ஏடுகள் அழிந்துவருகின்றன. ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தின், ஒரு பள்ளியின், ஒரு கோயிலின் ஏடுகளையேனும் திரட்டிப் படியெடுத்துப் பொது ஆவணக்காப்பகத்தில் சேர்க்க வேண்டும்.