பிளவுதடும் குடும்ப முகமும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேலுதடு பிளந்த குழந்தையொன்று ஒரு வீட்டிற் பிறந்துவிட்டால், அயலவர் முதலிற் கேட்பது குழந்தை பால் குடிக்கின்றதா என்பதன்று; தாய் கிரகணத்தன்று வெளியே வந்தாளா, கத்தியெடுத்துக் காய் நறுக்கினாளா என்பதே. பெற்றவள் குற்றவாளியாகி நிற்கின்றாள். இவ்வழக்கில் விஞ்ஞானம் தருகின்ற சாட்சியத்தை இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுள் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கின்றது. கருவின் முகம் ஒரே துண்டாக வார்க்கப்படுவதன்று. இருபுறத்திலிருந்தும் நடுவிலிருந்தும் வளரும் சிறு முகைகள் ஒன்றையொன்று சந்தித்து ஒட்டியே முகமாகின்றன. மேலுதடு ஏழாவது கிழமையளவிற் பொருந்திவிடும். அண்ணம் மூன்றாம் மாத முடிவுக்குள் மூடிவிடும். உரிய காலத்திற் சந்திக்கத் தவறிய இடமே பிளவாக நிற்கின்றது. அவ்வாறாயின், ஆறாம் மாதத்திற் கண்ட கிரகணம் இரண்டாம் மாதத்தில் ஒட்டிய உதட்டைத் திறப்பது எங்ஙனம்?

இக்குறையிற் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்பதை டென்மார்க்கு வைத்தியர் ஃபோ ஆண்டர்சன் 1942 இல் பல குடும்பங்களை ஆராய்ந்து காட்டினார். ஆனால் தாயுந் தந்தையும் குறையற்றவராயிருக்க, அப்பரம்பரை எங்கே மறைந்திருந்தது? கனடாவில் பிறேசர், பஷாயன் என்னும் இருவர் இத்தகைய பெற்றோரின் முகங்களை அளந்து 1970 இல் முடிவுகளை வெளியிட்டனர். மற்றவரோடு ஒப்பிடும்போது, அப்பெற்றோரிடையே முகத்தின் நடுப்பகுதி சற்றே தட்டையாயிருக்கும் போக்குக் காணப்பட்டது. முகத்தின் வடிவமே முகைகள் சந்திப்பதை எளிதாக்கவோ அரிதாக்கவோ கூடும் என்று அவர்கள் கருதினர்.

பின்னர் ஆராய்ச்சி தோலின் அடியிலுஞ் சென்றது. வாயைச் சுற்றி வளையம்போல் ஒரு தசை உண்டு. வெளியே உதடு முழுமையாகத் தோன்றினும், இத்தசையில் நுண்ணிய இடைவெளி இருத்தல் கூடும்; கேளா ஒலிக் கருவி அதனைக் காட்டும். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் ஆய்வாளர் 2007 இல் வெளியிட்ட கணக்கின்படி, பிளவில்லாத உறவினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேரிடமும், அக்குடும்பங்களைச் சேராதோருள் ஏறத்தாழ 6 பேரிடமும் அவ்விடைவெளி இருந்தது.

இக்கணக்கை நாம் நிதானமாக வாசித்தல் வேண்டும். உறவினருட் பெரும்பாலோரிடம் அவ்வடையாளம் இல்லை. உறவற்றோர் சிலரிடமும் அது உண்டு. எனவே தட்டையான முகத்தைக் கண்டு, "இக்குடும்பத்திற் பெண் எடுக்கலாகாது" என்று எவரேனுங் கூறுவாராயின், அவர் பழைய மூடநம்பிக்கையை விட்டுப் புதியதொன்றைப் பற்றிக்கொண்டவராவார். இவை கூட்டத்தின் சராசரிகளேயன்றித் தனியொருவரின் தலையெழுத்தல்ல.

ஆயினும் ஓர் அடையாளம் உறுதியான பொருளுடையது. சில குடும்பங்களிற் கீழுதட்டில் இரு சிறு குழிகள் காணப்படும். வான் டெர் வூட் என்னும் பெண் வைத்தியர் 1954 இல் இவற்றுக்கும் பிளவுக்குமுள்ள தொடர்பை விளக்கினார். இதற்குரிய பரம்பரையலகு 2002 இல் கண்டறியப்பட்டது. குழி மட்டுமுள்ள தந்தைக்கோ தாய்க்கோ பிளவுள்ள குழந்தை பிறக்கலாம். அப்பரம்பரையலகு ஒவ்வொரு பிள்ளைக்குஞ் செல்ல இரண்டிலொரு வாய்ப்புண்டு. இத்தகையோர் வைத்திய ஆலோசனை பெறுதல் நன்று.

பிளவு தோன்றப் பல பரம்பரையலகுகளுடன் புகைத்தல், சில மருந்துகள் போன்ற புறக்காரணங்களுஞ் சேர்வதுண்டு. ஆனால் பரம்பரை தாய்வழியாக மட்டும் வருவதன்று, தந்தைவழியாகவும் வரும். ஆதலின் மருமகளை நோக்கி நீளும் விரலை மாமியார் மடக்கிக்கொள்வாராக.

அவ்வீட்டுக்கு வேண்டியது விசாரணையன்று, உதவி. அண்ணம் பிளந்த குழந்தை முலைப்பாலை உறிஞ்ச இயலாது தவிக்கும். பாலைப் பிழிந்து கரண்டியாலோ சிறு கோப்பையாலோ ஊட்டலாம். உதட்டுக்குச் சில மாதங்களிலும், அண்ணத்துக்குப் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்ளும் சத்திரசிகிச்சை செய்வர். பேச்சுப் பயிற்சியுந் தேவைப்படலாம்.

இளைஞர்களே, நமது அயலில் இத்தகைய குழந்தை பிறந்தால், கிரகணத்தைப் பற்றிக் கேட்பவருக்கு நாம் மறுமொழி சொல்வோம். தாயையும் சேயையும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வண்டி பிடித்துக் கொடுப்போம்.