பொருள் முன்னே, தன்மை பின்னே



ஜகார்த்தாவில் டச்சுக்காரர் காலத்துப் பழைய நகரப் பகுதிக்குக் ‘கோத்தா துவா’ என்று பெயர். கோத்தா என்றால் நகரம், துவா என்றால் பழைய. அதே ஊரில் 1820-இல் தொடங்கிய கடைவீதி ஒன்று ‘பாசார் பாரு’. பாசார் என்பது சந்தை, பாரு என்பது புதிய. இரண்டிலும் பொருள் முன்னால் நிற்கிறது. அதன் தன்மை பின்னால் வருகிறது. இந்தோனேசிய மொழியில் பெயரடைக்குரிய முதல் விதியை ஊரின் பெயர்ப்பலகைகளே சொல்லிக் கொடுத்துவிடுகின்றன.

தமிழில் பெரிய, பெரியது, பெரியவர், பெரியவை என்று ஒரு சொல் எத்தனை உருவம் எடுக்கிறது! அங்கே ‘பெசார்’ என்றால் பெசார்தான். ஒன்றானாலும் பலவானாலும், ஆணானாலும் பெண்ணானாலும் அது மாறாது. இதைக் கேட்டதும் பலர், ‘ரொம்பச் சுலபம்’ என்று சொற்பட்டியலை மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். பெரியது-சிறியது, சூடு-குளிர் என்று எதிர்ச்சொல் அட்டவணையில் தொடங்கும் பாடநூல்களும் அதற்குத் துணைபோகின்றன. என் கருத்தில் அது தவறான தொடக்கம். சொல் உருவம் மாறாத மொழியில் பொருளை மாற்றுவது அது நிற்கும் இடம். காது முதலில் பழக வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

ஓர் இணையைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். ‘ரூமா பெசார் இத்து.’ அந்தப் பெரிய வீடு. இது வெறும் தொடர். அந்த வீட்டுக்கு என்ன என்று கேட்பவர் காத்திருப்பார். இப்போது, ‘ரூமா இத்து பெசார்.’ அந்த வீடு பெரியது. வாக்கியம் முடிந்துவிட்டது. மூன்று சொற்களும் அவையேதான். ‘இத்து’ மட்டும் ஓரிடம் நகர்ந்தது. ‘அந்த’ என்னும் பொருள் தரும் இச்சொல் பெயர்த்தொடரை முடித்துவைக்கிறது. அதற்கு முன்னால் வரும் பெயரடை வீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னால் வருவது வீட்டைப் பற்றிய கூற்றாகிறது. இந்த ஒன்று பிடிபட்டால் தொடக்கப் பாடத்தில் பாதி முடிந்தது.

இங்கே தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ‘அந்த வீடு பெரியது’ என்பதில் நாம் தனி வினைச்சொல் எதையும் தேடுவதில்லை, இந்தோனேசியர்களும் தேடுவதில்லை. ஆங்கில வழியாகப் படிப்பவர்கள்தான் நடுவில் ‘அடாலா’ என்ற சொல்லைச் செருகுகிறார்கள். பெயரடைக்கு முன்னால் அது ஒட்டாது. தமிழிலிருந்தே நேராகப் போங்கள். மறுக்கும்போது மட்டும் கவனம் தேவை: தன்மையை மறுக்க ‘தீடாக்’, பெயரை மறுக்க ‘புக்கான்’.

அடுத்தது ‘யாங்’. ‘காமார்’ என்றால் அறை, ‘கெச்சில்’ என்றால் சிறிய. ஆனால் ‘காமார் கெச்சில்’ என்று கேட்டால் கழிப்பறைக்கு வழி காட்டுவார்கள். அது நாகரிகமாகச் சொல்லும் வழக்கு. தங்குவதற்குச் சின்ன அறைதான் வேண்டும் என்றால் ‘காமார் யாங் கெச்சில்’. அதுபோல ‘ஓராங் துவா’ பெற்றோரைக் குறிக்கும். வயதான ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ‘ஓராங் யாங் துவா’ என்பது குழப்பம் தராது. நெருங்கி நின்று ஒரே பெயராக உறைந்துபோன சொற்களைப் பிரித்து, தன்மையைத் தனியே எடுத்துக்காட்டுகிறது யாங். ஒரு பெயருக்கு இரண்டு தன்மைகள் சொல்லும்போதும் இதுவே கைகொடுக்கும்: ‘ரூமா பெசார் யாங் பாரு’, புதிய பெரிய வீடு.

அளவு காட்டும் சொற்கள் எளியவை. ஒன்றைவிடப் பெரியதற்கு ‘லெபே பெசார்’, எல்லாவற்றிலும் பெரியதற்கு ‘பாலிங் பெசார்’. ‘மிகவும்’ என்பதற்குரிய ‘சாங்காட்’ முன்னால் வரும். அதே பொருள் தரும் ‘செக்காலி’ பின்னால் வரும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘கூராங்’. குறைவு என்று பொருள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் ‘தீடாக் ஏனாக்’, ருசியாக இல்லை, என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். ‘கூராங் ஏனாக்’ என்றால் ருசி கொஞ்சம் குறைகிறது என்றாகும். சமைத்தவர் மனம் புண்படாது. இந்த ஒரு சொல்லில் அந்த மக்களின் பேச்சுப் பண்பு தெரிகிறது. பாடநூல்கள் இதைப் பின் அத்தியாயங்களுக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டியது இது.

1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் ஒற்றுமை மொழியாக உறுதி ஏற்கப்பட்ட மொழி இது. இன்றும் அங்கே கோடிக்கணக்கானோர் வீட்டில் ஜாவா மொழியோ சுண்டா மொழியோ பேசி, இதை இரண்டாவதாகக் கற்றவர்கள். ஆகவே கூச்சம் வேண்டாம். கண்ணில் படும் பொருள்களில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் தொடராகவும் பிறகு வாக்கியமாகவும், ‘இத்து’வை நகர்த்தி, வாய்விட்டுச் சொல்லுங்கள். சொற்பட்டியலை அதற்குப் பிறகு திறக்கலாம்.