யானையைக் கட்டித் தீனி போடும் கணக்கு

(ஹப்சிகுடாவில் நடந்த நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த நம்மில் பலர் இன்று கார் வாங்கும் பேச்சில் இருக்கிறோம். குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தோழர்கள் மறு பக்கம். இரு சாராரும் ஷோரூமில் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். விலை என்ன? மைலேஜ் என்ன? மூன்றாவது கேள்வியை விற்பவர் கேட்க மாட்டார். நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறோம்? இதற்கு விடை தெரியாமல் போடும் கணக்கு கணக்கே அல்ல. இதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தவிர வேறு வித்தை தெரியாது. இந்த விஷயத்துக்கு அது போதும்.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். முதல் கார் ஊருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. இரண்டாவது 20 கொடுக்கிறது. ஆனால் விலை ஒன்றரை லட்சம் அதிகம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். இங்கே உண்மை விலை அதைவிட அதிகம். கணக்குக்கு வசதியாக நூறு.

அந்தக் கூடுதல் ஒன்றரை லட்சத்தை நம்மவர்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. கடன்தான். 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 3,190 ரூபாய். மொத்தம் சுமார் 1,91,000. ஒன்றரை லட்சம் என்று சொன்னது இப்படித்தான் இரண்டு லட்சத்தை எட்டிப் பார்க்கிறது.

இப்போது குடும்பஸ்தரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில், விசேஷ வீடு, ஆண்டுக்கு ஒரு முறை ஊர்ப் பயணம். எல்லாம் சேர்த்து 6,000 கிலோமீட்டர். முதல் காருக்கு ஆண்டுக்குப் பெட்ரோல் சுமார் 42,900 ரூபாய். இரண்டாவதற்கு 30,000. மிச்சம் 12,900. கூடுதலாகக் கொடுத்த 1,91,000 திரும்பி வர ஏறத்தாழ 15 ஆண்டு ஆகும். சொந்தக் காரின் ஆர்.சி. செல்லுவதே முதலில் 15 ஆண்டுதான்! விற்கும்போது கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கும் என்று வைத்தாலும் இது லாப வியாபாரம் ஆகாது.

வாடகைக் கார் ஓட்டும் தோழரைப் பாருங்கள். ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர். முதல் காரில் பெட்ரோல் செலவு சுமார் 3,21,000. இரண்டாவதில் 2,25,000. ஆண்டுக்கு 96,000 மிச்சம். இரண்டே ஆண்டில் கூடுதல் விலையும் வட்டியும் திரும்பிவிட்டன. அதற்குப் பிறகு வருவது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். அதே இரண்டு கார். அதே விலை வித்தியாசம். ஒருவருக்கு நட்டம், ஒருவருக்கு வாழ்வு. சி.என்.ஜி. வண்டிக்கும் மின்சாரக் காருக்கும் இதே கணக்குதான். லிட்டர் இருந்த இடத்தில் கிலோவையும் யூனிட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்கட்டு வித்தை இருக்கிறது. பத்திலிருந்து பதினைந்துக்குப் போனாலும் ஐந்துதான், இருபதிலிருந்து இருபத்தைந்துக்குப் போனாலும் ஐந்துதான் என்று நினைக்கிறோம். வகுத்துப் பாருங்கள். 10,000 கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 10 கொடுக்கும் வண்டி 1,000 லிட்டர் குடிக்கும். 15 கொடுப்பது 667 லிட்டர். மிச்சம் 333 லிட்டர். ஆனால் 20 கொடுப்பது 500 லிட்டர், 25 கொடுப்பது 400 லிட்டர். மிச்சம் வெறும் நூறு. ஆகவே நிறைய ஓட்டுகிறவர் முதலில் தள்ள வேண்டியது பெரிய தீனிக்கார வண்டியை. ஏற்கெனவே 20 கொடுக்கும் வண்டியை 25 ஆசையில் மாற்றிக் கடன் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

தீனி என்றால் பெட்ரோல் மட்டுமல்ல. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். 1,000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 7,897. பெரிய எஞ்சினுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு! டயர், பிரேக், சர்வீஸ் எல்லாம் பெரிய வண்டிக்குப் பெரிய பில்தான். மலிவாக வருகிறதே என்று பழைய பெரிய காரை வாங்குகிறவர் இதையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

எரிபொருள் விலை ஒரே இடத்தில் நிற்கும் என்றும் நம்பாதீர்கள். 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியது; டீசல் 41 ரூபாய்க்குக் கீழே இருந்தது. நாடே டீசல் கார் வாங்க ஓடியது. கூடுதல் விலை கொடுத்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்டது. இடைவெளி சுருங்கியது. 2020 ஜூனில் டில்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டிவிட்டது! அந்த இடைவெளி நிலைக்கும் என்று தவணை கட்டியவர்களின் கணக்கை யார் திருத்துவது?

மைலேஜ் எண்ணும் அப்படியே. விளம்பரத்தில் வரும் எண் சோதனைக்கூடத்தில் எடுத்த எண். உப்பல் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டிக்கு அது வராது. இப்போது எத்தனால் வேறு கலக்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்தால், அதற்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. ஆகவே டாங்கை நிரப்புங்கள், ஓட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள், வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் மைலேஜ்.

தோழர்களே, இதுவரை சொன்னது வீட்டுக் கணக்கு. இதற்குள் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2020 மே மாதம் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை விழுந்து கிடந்தது. அந்தப் பலன் நம் கைக்கு வந்ததா? மத்திய அரசு ஒரே நாளில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றியது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஊரடங்கில் சவாரி இல்லாமல் கிடந்து, எழுந்து வந்த ஓட்டுநர் அந்த வரியைக் கிலோமீட்டர் தோறும் கட்டினார். மாநில அரசின் வரி வேறு. அரசு மாறலாம், கட்சி மாறலாம். பம்பில் நிற்கிற உழைப்பாளி மாறுவதில்லை.

செயலி நடத்தும் கம்பெனிகளைப் பற்றி 2020 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் ஓட்டுநருக்குச் சேர வேண்டும் என்றது. நல்லது. ஆனால் பெட்ரோலும் தவணையும் டயரும் அந்த 80க்குள்தான். கடன் வாங்கி நல்ல மைலேஜ் வண்டி எடுத்தவர் நம் தோழர். அந்த மிச்சத்தைக் காட்டியே கட்டணத்தைக் குறைத்தால், லாபம் யாருக்கு? கடன் நமக்கு, மிச்சம் அவர்களுக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, வாடகைக் கார்க் கட்டணம் எரிபொருள் விலையோடு சேர்ந்து ஏற வேண்டும் என்று ஓட்டுநர் சங்கங்களோடு நாமும் குரல் கொடுக்க வேண்டும். இரண்டு, அமெரிக்காவில் புதிய கார்களின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். ஆண்டுக்கு எரிபொருள் செலவு எவ்வளவு, சராசரிக் காரைவிட ஐந்தாண்டில் எவ்வளவு மிச்சம் அல்லது நட்டம் என்று அதில் இருக்கும். ஆயுள் செலவைச் சொல்லும் அப்படி ஒரு சீட்டு இங்கேயும் ஒவ்வொரு காரிலும் கட்டாயமாக வேண்டும் என்று கேட்போம். மூன்று, நம் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். கார் வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் தன் வண்டியின் உண்மையான மைலேஜையும் ஆண்டுச் செலவையும் அதில் எழுதட்டும். அடுத்து வாங்குகிறவர் விளம்பரத்தை நம்ப வேண்டாம். தோழரின் கையெழுத்தை நம்பலாம்.

ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர்கூட ஓட்டாத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 2017 நவம்பரிலிருந்து நம் ஹப்சிகுடாவில் மெட்ரோ நிற்கிறது. 2023 டிசம்பரில் இந்த மாநிலத்தின் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. வாங்காத கார்தான் எல்லாக் காரையும்விட மலிவு. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பது கணக்கில் சேராது.

வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளில் ஓட்டும் தூரம், எரிபொருள், வட்டி, காப்பீடு, பழுது, விற்கும் விலை என்று ஆறு வரி எழுதுங்கள். மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டுச் செலவின் உண்மை அவர்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.