நோயாளியை ஒதுக்காதீர்!

 



ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்க எத்தனையோ ஊர்களிலிருந்து இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். நம் மாடியறைகளில் குடியிருக்கிறார்கள்; நம் பள்ளியில் தொழுகிறார்கள். அவர்களுள் ஒருவர், ஒரு நாள் இஷாவுக்குப் பின் எல்லோரும் கலையும்வரை காத்திருந்து, "ஹஜ்ரத், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நான் ஸஃப்பில் பிறரோடு தோள் சேர்ந்து நிற்கலாமா?" என்று கேட்டார். அறைத் தோழர்கள் மாத்திரையைப் பார்த்து விசாரித்ததால், ஒரு மாதமாக மருந்தையே நிறுத்தியிருந்தார். அவருடைய சம்மதத்துடன், ஊரும் பேரும் மறைத்தே இதைச் சொல்கிறேன்.

சிந்தித்துப் பாருங்கள்! அவரை மருந்திலிருந்து பிரித்தது நோயன்று. நம் நாவைப் பற்றிய அச்சம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அன்று மருந்தில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை அந்த முதல் மையங்களுள் ஒன்று. மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டால், இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைக்கும். அந்நிலையில் உடலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்றாது. கருவுற்ற தாய் சிகிச்சை பெற்றால் குழந்தையைக் காக்கும் வாய்ப்பு மிக அதிகம். இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கே கட்டுப்படாமலும் போகலாம்.

முஸாஃபஹா செய்வதாலோ, ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே ஹவ்ளில் ஒளுச் செய்வதாலோ இந்நோய் பரவாது.

விபச்சாரம் ஹராம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நோயுற்றவரெல்லாம் பாவி என்று தீர்ப்பெழுத நாம் யார்? கணவனிடமிருந்து நோய் பெற்ற மனைவி செய்த குற்றம் என்ன? பிறக்கும்போதே நோயோடு பிறந்த பிள்ளை செய்த பிழை என்ன? தவறியவருக்கும் தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்தே வைத்திருக்கிறான். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது, அவன் வீடு தேடிச் சென்று நலம் விசாரித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அவர்களின் உம்மத்தா நோயாளிக்குக் கதவடைப்பது?

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக வேலையோ, சிகிச்சையோ, வாடகை வீடோ மறுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. வேலை தருவதற்கு இப்பரிசோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது. சட்டம் சொல்லும் முன்பே நம் மார்க்கம் சொன்ன நீதியல்லவா இது?

எனவே, வீட்டை வாடகைக்கு விடுவோரே, மாத்திரையைக் கண்டால் துருவாதீர்கள். குடும்பத்தாரே, ஒருவர் நம்பிச் சொன்னதை அமானிதமாகக் காத்திடுங்கள். ஐயமுள்ளவர்கள் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். 1097 என்ற எண்ணில் ஆலோசனை கேளுங்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்டவும் அஞ்ச வேண்டாம். கையுறை முதலிய வழக்கமான பாதுகாப்புடன் அந்தக் கடமையை நிறைவேற்றலாம்.

அந்த இளைஞரிடம், "முதல் ஸஃப்பிலேயே நில்லுங்கள், நாளைக் காலையே மருந்து மையத்திற்குச் செல்லுங்கள்" என்றேன். அவர் சென்றார். இன்று மருந்தும் உண்கிறார், வேலையும் பார்க்கிறார். அல்ஹம்து லில்லாஹ்!

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், நமக்கு இரக்கமுள்ள இதயத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.