நம் கடிதம் நம் கையில்

(பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஏற்பாட்டில் பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

மின்னஞ்சலைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்பது எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. இதைக் கேள்விப்பட்டவுடனே ஒரு தாயார், "எனக்கு எதுக்குங்க டீச்சர் இமெயிலு? நான் யாருக்கு எழுதப் போறேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே பலருடைய மனத்திலும் இதே கேள்வி இருக்கக்கூடும். ஆகவே அதற்குப் பதில் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தபால் வீட்டுக்கு வராது. தோட்ட ஆபீசுக்கு வரும். ஊரிலிருந்து வந்த நீல நிற ஏரோகிராமைக் கையில் வாங்கினாலும், படிக்கத் தெரியாதவர்கள் கிராணியிடமோ, எழுத்துத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்துத்தான் சேதி தெரிந்துகொள்ள வேண்டும். தங்கைக்கு வரன் பார்த்த சேதியும், ஊரில் பட்ட கடனும் சொந்தக்காரருக்கு முன்பே படித்தவருக்குத் தெரிந்துவிடும். படித்தவர் நல்லவராக இருந்தால் சேதி அவரோடு நிற்கும். இல்லாவிட்டால் மறுநாள் பெரட்டுக்குள் லயம் முழுதும் பரவிவிடும். தமிழ்ப்பள்ளி வந்து, பிள்ளைகள் எழுத்துக் கற்ற பிறகுதான் நம் கடிதத்தை நாமே பிரித்துப் படிக்கும் உரிமை நமக்குக் கிடைத்தது.

அந்த உரிமை இன்று மறுபடியும் கைநழுவுகிறது என்பதே என் கவலை.

1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவில் நாம் போடும் அந்தச் சுழித்த '@' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அன்று அது வெறும் கடிதம். இன்றோ மின்னஞ்சல் முகவரி என்பது வீட்டுத் தலைவாசலின் சாவியாகிவிட்டது. காரணத்தைக் கேளுங்கள். கைப்பேசியில் நாம் வைத்திருக்கும் கணக்குகளில் பலவற்றில் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்வதற்கான வழி பெரும்பாலும் எங்கே வருகிறது? நம் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஆகவே நம் மின்னஞ்சலைத் திறக்கத் தெரிந்தவன், நம் முகநூலையும், சாமான் வாங்கும் கணக்கையும், பிள்ளைகளின் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவான். நாம் ஒருவருக்கும் எழுதாமல் இருக்கலாம். சாவி மட்டும் நம் பெயரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இப்பொழுது அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உதவித்தொகைக்கு மனுப் போடக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர், "இமெயில் இல்லையா? நானே திறந்து கொடுக்கிறேன்" என்கிறார். அவரே ஒரு பெயர் வைக்கிறார், அவரே கடவுச்சொல் போடுகிறார், பத்து வெள்ளி வாங்கிக்கொள்கிறார். கடவுச்சொல் அவருடைய நோட்டில் இருக்கும், நமக்குத் தெரியாது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த நோட்டு நாளைக்கு யார் கையில் கிடைக்கும் என்பது அவருக்கே தெரியாதே! வீட்டைக் கட்டிக் கொடுத்த கொத்தனாரிடம் சாவியை விட்டுவிட்டு யாராவது குடியேறுவார்களா? உதவி கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் கடவுச்சொல்லை நம் விரலால் நாமே போட வேண்டும். பிறர் போட்டுக் கொடுத்திருந்தால், இன்றிரவே மாற்ற வேண்டும்.

நல்ல கடவுச்சொல் எது? பலரும் அடையாளக் கார்டு எண்ணையோ பிறந்த தேதியையோ வைத்துவிடுகிறார்கள். நம் அடையாளக் கார்டில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பாதி எண்ணை எவரும் ஊகித்துவிடலாம். அதைக் கடவுச்சொல்லாக வைப்பது, சாவியைக் கதவிலேயே மாட்டிவிட்டுப் போவதற்குச் சமம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். நினைவில் நிற்காது என்று அஞ்சினால் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டுங்கள், அதில் தவறில்லை. கைப்பேசியின் பின்னால் ஒட்டி வைப்பதுதான் தவறு.

மின்னஞ்சலுக்கு வைத்த கடவுச்சொல்லை வேறு எங்கும் வைக்காதீர்கள். 2013இல் யாஹு நிறுவனத்தில் நடந்த திருட்டில் அந்நிறுவனத்தின் 300 கோடிக் கணக்குகளும் அகப்பட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல்தான் அவ்வளவு என்று அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திற்கே அந்தக் கதி! ஓரிடத்தில் திருடிய சாவியைத் திருடன் எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பான். ஒரே சாவி வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் எல்லாம் போகும்.

அடுத்து, இரட்டைப் பூட்டு. கடவுச்சொல்லைப் போட்ட பின்பும், கைப்பேசிக்கு வரும் ஓர் எண்ணைக் கேட்கும்படி மின்னஞ்சலில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அல்லது நம் கைப்பேசியிலேயே "நான்தான்" என்று அழுத்தும்படி செய்துகொள்ளலாம். இதைச் செய்துவிட்டால் கடவுச்சொல் திருடு போனாலும் கதவு எளிதில் திறக்காது. ஆனால் இங்கே நம் மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம்மில் பலர் அடிக்கடி சிம் கார்டை மாற்றுகிறோம். டாப்-அப் செய்யாமல் விட்ட எண் சில காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும். மின்னஞ்சலில் பழைய எண்ணே இருந்தால், நமக்கு வர வேண்டிய இரகசிய எண் முன்பின் தெரியாத அவருக்குப் போகும். நாம் வெளியே நிற்போம். ஆகவே சிம் மாற்றுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எண்ணை மாற்றுங்கள். பழைய கைப்பேசியை விற்பதற்கு முன்பும் கணக்கிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

அன்பர்களே, சாவியைப் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது. கதவைத் தட்டுகிறவன் யார் என்றும் பார்க்க வேண்டும். உறையின் பின்புறத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? மின்னஞ்சலிலும் அப்படியே. "பேங்க்", "வருமான வரி இலாகா", "சேமநிதி" என்று எவனும் பெயர் போட்டுக்கொள்வான். பெயரைப் பார்க்காதீர்கள்; முகவரியின் முடிவைப் பாருங்கள். நம் அரசாங்க அலுவலகங்களின் முகவரி 'ஜிஓவி', புள்ளி, 'எம்ஒய்' என்று முடியும். அதற்கும் பின்னால் வேறு எழுத்து ஒட்டியிருந்தால் அது போலி. முகவரி சரியாகவே தெரிந்தாலும், கடிதத்துக்குள் இருக்கும் இணைப்பை அழுத்தி உள்ளே போகாதீர்கள். நீங்களே அலுவலகத்தின் முகவரியைத் தட்டிப் போங்கள். அல்லது புக்கிட் மெர்தாஜாம் டவுனுக்குப் போய்க் கவுண்டரில் கேளுங்கள். ஒரு பஸ் கட்டணத்தில் முடிந்துவிடும்.

"உங்களுக்கு எஸ்.டி.ஆர். பணம் வந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்ற போலிச் சேதி உதவித்தொகை வழங்கும் காலத்திலெல்லாம் கிளம்பிவிடுகிறது. பணம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பவரிடம்தான் அந்தச் சேதி பலிக்கும் என்பது ஏமாற்றுக்காரனுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் கைப்பேசிக்கு ஒரு கோப்பை அனுப்பி, அதைத் திறந்தவரின் பேங்க் விவரங்களைத் திருடும் வித்தையும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. இது புதிய தந்திரமன்று. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. கூடவே வந்த கடிதத்தைத் திறந்தவர்களின் கணினி கெட்டதோடு, அவர்களுடைய முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அதே கடிதம் தானாகவே போயிற்று. சில நாள்களுக்குள் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகள் பழுதடைந்தன. தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பதனாலேயே எல்லாரும் திறந்தார்கள். ஆகவே தெரிந்தவர் அனுப்பினாலும், எதிர்பாராத கோப்பாக இருந்தால், "அண்ணே, நீங்கதான் அனுப்புனீங்களா?" என்று ஒரு வார்த்தை போனில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வகை ஏமாற்று உண்டு. போனில் பேசுகிறவர் நம் முழுப் பெயரையும், ஐ.சி. நம்பரையும், வீட்டு விலாசத்தையும் சரியாகச் சொல்கிறார். "இவ்வளவும் தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருப்பார்" என்று நாம் நம்பிவிடுகிறோம். 2017 அக்டோபரில் வெளிவந்த சேதியை நினைவுபடுத்துகிறேன். மலேசியாவில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்கள், அவற்றின் சொந்தக்காரர்களுடைய விவரங்களோடு வெளியே கசிந்திருந்தன. அன்று நம் நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 இலட்சம்தான்! ஆகவே நம் ஐ.சி. நம்பர் ஒருவருக்குத் தெரிந்திருப்பது அவர் அதிகாரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. 'டேக்' என்று சொல்லும் அந்த இரகசிய எண்ணை பேங்க் கேட்காது, போலீஸ் கேட்காது. கேட்கிறவன் திருடன்.

நம் விவரங்களைக் காப்பதற்குச் சட்டமும் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. கடையோ கம்பெனியோ நம்முடைய விவரங்களைக் கேட்டால், "எதற்குங்க?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஐ.சி.யின் நகலைக் கொடுக்க நேர்ந்தால், எதற்காகக் கொடுத்தது என்று அதன் மேலேயே குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் பறிபோய்விட்டால் என்ன செய்வது? அழுதுகொண்டு உட்காராதீர்கள், அவமானம் என்று மறைக்காதீர்கள். உடனே பேங்குக்கு அல்லது 997 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி உதவி மையத்தின் எண். பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கிற்கு நிமிடக் கணக்கில் ஓடிவிடும். ஆகவே முதல் ஒரு மணி நேரம்தான் மருந்து. பணம் அனுப்புவதற்கு முன்பே சந்தேகம் வந்தால், போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த பேங்க் கணக்கு எண்ணைப் போட்டு, அதன்மேல் புகார் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களோடு பேசுகிறேன். கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய 'டெலிமா' தளத்திற்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அது பாடத்திற்கு, விளையாட்டுக் கணக்குகள் திறப்பதற்கன்று. பள்ளி முதலில் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். உயிர்த்தோழனுக்கும் சொல்லாதீர்கள், மிட்டாயைப் பங்கு போடலாம், சாவியைப் பங்கு போடக்கூடாது. அனுப்பிய கடிதம் திரும்பி வராது. நீங்கள் அழித்தாலும் வாங்கியவரிடம் இருக்கும். ஆகவே கோபத்தில் எழுதாதீர்கள். முகம் தெரியாதவர் உங்கள் படத்தைக் கேட்டால், "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அந்த நிமிடமே அம்மாவிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல அச்சமாக இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்; 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கும் அழைக்கலாம். பெற்றோர்களே, பிள்ளை அப்படி வந்து சொன்னால் முதலில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாது.

மாணவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. நம் வீடுகள் பலவற்றில் அப்பாவின் கைப்பேசியைத் திறந்து, அவருக்கு வந்ததைப் படித்துச் சொல்கிறவர் நீங்கள்தாம். அந்தக் காலத்துக் கிராணி இருந்த இடத்தில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள். வந்ததை முழுவதும் வாய்விட்டுப் படியுங்கள். நீங்களாகவே எதையும் அழுத்திவிடாதீர்கள். அப்பாவின் சம்பளமும் கடனும் நோயும் உங்கள் வாயிலிருந்து வெளியே போகக்கூடாது. முடிந்தால் அவருக்கே படிக்கக் கற்றுக்கொடுங்கள். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர்களே, தோழர்களே, சனிக்கிழமை காலைகளில் ஆசிரியர்கள் சிலர் பள்ளியில் இருப்போம். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாருங்கள். வழி சொல்லித் தருகிறோம்; காசு வேண்டாம். நீங்கள் கடவுச்சொல் போடும்போது நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அது உங்களுடையது; எங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை.