புளியமரத்துக்கு இழப்பீடு



நம் ஊசுட்டேரியில் ஒரு பகுதி புதுச்சேரிக்கு, மறுபகுதி தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரிப் பகுதி 2008-லும் தமிழ்நாட்டுப் பகுதி சில ஆண்டுகள் கழித்தும் பறவைகள் சரணாலயமாயின. ஏரிக்குக் காவல் வந்தாயிற்று. ஆனால் நாரைக்கும் அரிவாள்மூக்கனுக்கும் எல்லைக்கல் தெரியுமா? இரை தேடுவது சுற்றியுள்ள நெல்வயலில், அடைவது யாரோ ஒருவருடைய பட்டா நிலத்து மரத்தில். அந்த நிலத்துக்காரரிடம் இதுபற்றி யார் பேசுகிறோம்?

பேசிய ஊர் ஒன்று உண்டு. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூர். அங்கே கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூடு கட்டுவது தெருவோரத்திலும் கொல்லையிலும் நிற்கும் புளியமரங்களில். குஞ்சு வளரும் காலமும் புளி உலுக்கும் காலமும் ஒன்றாக வந்துவிடும். ஆள் ஏறினால் கூடு கலையும். ஏறாவிட்டால் எச்சம் பட்டுப் பழம் பாழ். போதாததற்கு, கூட்டிலிருந்து தவறி விழும் மீன் வாசலிலேயே நாறும். இத்தனையையும் அந்த ஊர் தலைமுறைகளாகப் பொறுத்தது. பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்று நம்பினார்கள். மரத்தடி எச்சத்தை அள்ளி வயலுக்கு எருவாகப் போட்டார்கள்.

நம்பிக்கையை மட்டும் சார்ந்திருக்காமல், கூடு உள்ள மரத்துக்கு இவ்வளவு என்று உரிமையாளருக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. 1990-களில் ஊர் இளைஞர்கள் ஹெஜ்ஜார்லெ பளக என்ற குழுவாகச் சேர்ந்து, கீழே விழுந்த கூழைக்கடாக் குஞ்சுகளை அடைப்புக்குள் வைத்து மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உரிமையாளர் தாமே முன்வந்தால் தனியார் நிலத்தையும் சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். கொக்கரே பெள்ளூர் 2007-ல் அப்படி ஆனது. ஆனால் அறிவித்தபின் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். மகள் கல்யாணத்துக்கு மனை பிரித்து விற்க நினைக்கும் விவசாயி இதில் கையெழுத்துப் போடத் தயங்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நட்டத்தை அவர் தலையில் கட்டிவிட்டுப் பறவையின் பெருமையை நாம் பேசுவதுதான் தவறு.

ஊசுட்டேரியைச் சுற்றிலும் கூடு உள்ள மரத்துக்கு இழப்பீடு தரும் ஏற்பாட்டை இரண்டு அரசுகளும் தொடங்க வேண்டும். ஏரிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நேயர்களே, உங்கள் மரத்தில் கூடு கண்டால் குஞ்சு பறக்கும்வரை கோடாலி வைக்காதீர்கள். வனத்துறைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.